தட்டிப் பார்த்த ஊர்

நடுவர் அவர்களே! "வங்கியின் பெயர் ஒன்றே போதும், போட்ட பணம் பத்திரம்" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டு உட்கார்ந்தார். பெயரா ஐயா காப்பாற்றும்? அந்தக் காலச் சென்னையிலே அர்பத்நாட் கம்பெனியை விடப் பெரிய பெயர் எது? வெள்ளைக்காரன் கம்பெனி, கூடுதல் வட்டி. ஓய்வூதியக்காரர்களும் குமாஸ்தாக்களும் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. கம்பெனி திவால்! சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். சரி, அவர் உள்ளே போனார். போட்டவன் பணம் முழுசா வெளியே வந்ததா? வரவில்லையே!

அந்த வயிற்றெரிச்சலில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள், 1907 ஆகஸ்ட் 15-ல். (நாற்பது வருஷம் கழித்து அதே தேதியில் சுதந்திரம், அது வேறு பட்டிமன்றம்!)

1960-ல் கேரளத்திலே பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அப்புறம்தான் டெபாசிட் காப்பீடு, 1962 ஜனவரி முதல். எவ்வளவு? ஆளுக்கு 1,500 ரூபாய்! அது 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆனது.

அதே 2020-ல் நம்ம பண்ருட்டியிலே என்ன நடந்தது? ஊரடங்கு நேரம். ஸ்டேட் வங்கியின் பெயரிலே ஒரு போலிக் கிளையே திறந்துவிட்டார்கள்! கம்ப்யூட்டர் இருக்கு, சலான் இருக்கு, ரப்பர் ஸ்டாம்பு இருக்கு. வங்கி மட்டும் இல்லை! (சிரிப்பு) அங்கே பணம் கட்டியிருந்தால் 5 லட்சக் காப்பீடு வருமா? வராது. காப்பீடு வங்கிக்குத்தான், பலகைக்கு இல்லை.

யார் கண்டுபிடித்தது? ரிசர்வ் வங்கியா? தணிக்கைக்காரரா? ஒரு சாதாரண வாடிக்கையாளர். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊர் இல்லையா! நேரே உண்மையான கிளைக்குப் போனார். "புதுசா ஒரு கிளை திறந்திருக்கீங்களாமே?" என்று கேட்டார். மேலாளர் திகைத்தார். போய்ப் பார்த்தார், அச்சு அசலாக ஒரு வங்கி! காவல்நிலையத்துக்குப் புகார் போனது. ஜூலையிலே மூன்று பேர் கைது. பணம் இழந்ததாக யாரும் புகார் தரவில்லை என்றது காவல்துறை.

எதிரணி நண்பரே, அந்தக் கிளை வாசலிலும் பெரிய பெயர்தானே தொங்கியது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்!