குட்டி யானையும் 3000 கிலோ கோடும்

"குட்டி யானை வாங்கலாமா, இல்ல கொஞ்சம் பெரிசா பிக்கப்பே எடுத்துடலாமா?"

தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், பாகூர் பக்கம் சொந்தமாக லோடு வண்டி ஓட்ட நினைக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. டீக்கடையில் பத்து பேரைக் கேட்டால் பத்து பதில் வரும். ஒருவர் மைலேஜ் என்பார், ஒருவர் டயர் விலை என்பார், இன்னொருவர் மாதத் தவணையைச் சொல்லிப் பயமுறுத்துவார். எல்லாம் சரிதான். ஆனால் இந்த இரண்டு அளவு வண்டிகளும் எப்படி வந்தன, ஏன் இந்த எடையில் வந்தன என்று பார்த்தால் பதில் கொஞ்சம் தெளிவாகக் கிடைக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

டெம்போ என்ற பெயர்

இன்றைக்கும் எந்தச் சின்ன லோடு வண்டியைப் பார்த்தாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் "டெம்போ" என்றுதான் சொல்வார்கள். அது ஒரு ஜெர்மன் கம்பெனி வண்டியின் பெயர். அந்தக் கம்பெனியோடு சேர்ந்து பஜாஜ் டெம்போ நிறுவனம் 1958-ல் இந்தியாவில் ஹன்சீட் என்ற மூன்று சக்கர வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. 1969-ல் அதே நிறுவனம் மெட்டடோர் என்ற நான்கு சக்கர வேனைக் கொண்டு வந்தது. அதுவரை நம்மிடம் இருந்தது இரண்டே இரண்டு கோடி: ஒரு பக்கம் மாட்டு வண்டி, மறுபக்கம் அசோக் லேலண்டு, டாடா பென்ஸ் மாதிரியான பெரிய லாரி. நடுவில் இருந்த பெரிய இடைவெளியில் முதலில் நுழைந்தது டெம்போதான். அதனால்தான் கம்பெனியின் பெயரே வண்டியின் பெயராக நின்றுவிட்டது. கம்பெனி 2005-ல் தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது, மக்கள் மாற்றிக்கொள்ளவில்லை :)

ஜப்பான் வண்டிகளும் 407-ம்

1980-களில் அரசு ஜப்பான் கூட்டுக்கு அனுமதி கொடுத்தது. டி.சி.எம். டொயோட்டா, சுவராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி, ஆல்வின் நிசான் என்று நான்கு கூட்டணிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் களத்தில் இறங்கின. எல்லோருக்கும் குறி ஒன்றுதான், லாரிக்குக் கீழே உள்ள இலகு ரக வண்டிச் சந்தை. இதற்கு டாடா கொடுத்த பதில்தான் 1986-ல் வந்த 407.

ஜப்பான் வண்டிகளில் தொழில்நுட்பம் நன்றாக இருந்தது. ஆனால் நம் சாலையும் நம் லோடும் வேறு. 407 கனமாகவும் முரட்டுத்தனமாகவும் இருந்தது, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்க முடிந்தது. நான்கு கூட்டணிகளில் டி.சி.எம். டொயோட்டா பிறகு டேவூ கைக்குப் போனது, ஆல்வின் நிசானை மகிந்திரா எடுத்துக்கொண்டது. 407 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாதி இண்டிகா

407 வந்த பிறகும் ஒரு பிரச்சினை தீரவில்லை. ஒரு டன்னுக்கும் குறைவாகச் சரக்கு வைத்திருப்பவன் என்ன செய்வான்? 407 எடுக்கப் பணம் போதாது, மூன்று சக்கர ஆட்டோவில் நெடுஞ்சாலையில் போகப் பயம்.

2000-க்குப் பிறகு இந்தக் கேள்வி பெரிதானது. தங்க நாற்கரச் சாலைகள் வந்தபோது நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள் பெரிதாகிக்கொண்டே போயின. நகரங்களில் பகல் நேரத்தில் பெரிய லாரிக்குத் தடை. அப்படியானால் ஊர் எல்லையில் இறக்கிய சரக்கைத் தெருவுக்குள் கொண்டு போக ஒரு சின்ன வண்டி வேண்டும். டாடா மோட்டார்ஸில் கிரீஷ் வாக் என்ற பொறியாளரின் தலைமையில் ஒரு குழு மூன்று சக்கர வண்டி ஓட்டுநர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டது. நான்கு சக்கரம் இருந்தால் ஊரில் பெண் கிடைப்பது சுலபம் என்று ஒருவர் சொன்னாராம்! சிரிப்பாக இருந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. வண்டி என்பது வருமானம் மட்டும் இல்லை, மரியாதையும்கூட.

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன். இண்டிகா காரின் 1405 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினை நேர் பாதியாக்கினால் வருகிற கணக்கு அது. ஏற்றக்கூடிய எடை 750 கிலோ, லோடோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை 1550 கிலோ. வடக்கே "சோட்டா ஹாத்தி" என்றார்கள், நாம் "குட்டி யானை" என்றோம். 2017-க்குள் 20 லட்சம் வண்டிகள் விற்றுவிட்டன. அந்த வண்டிகளில் கணிசமானவை, ஓட்டுபவரே முதலாளியாக இருக்கிற வண்டிகள்.

ஆனால் யானை என்று பெயர் வைத்ததும் நம் ஆட்கள் யானை மாதிரியே ஏற்ற ஆரம்பித்தார்கள். 750 கிலோ வண்டியில் ஒன்றேகால் டன் செங்கல் ஏறியது. பிரேக்குக்கும் பின்பக்கப் பட்டைக்கும் எவ்வளவு தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. சந்தை கேட்டது: இதைவிடக் கொஞ்சம் பெரிசு வேண்டும். 2011 செப்டம்பரில் அசோக் லேலண்டு, நிசானோடு சேர்ந்து தோஸ்த் என்ற ஒன்றேகால் டன் வண்டியை ஓசூரிலிருந்து விட்டது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் இதே வட்டாரத்தில்தான் தன் ராஜ்யத்தை நடத்தியது.

2990-ம் 3490-ம்

இப்போது நம் கேள்விக்கு நேராக வருவோம். 2020 செப்டம்பரில் அசோக் லேலண்டு படா தோஸ்த் என்ற வண்டியை அறிமுகப்படுத்தியபோது ஐ3, ஐ4 என்று இரண்டு வகை வந்தன. ஐ3 மொத்த எடை 2990 கிலோ, ஏற்றக்கூடியது 1405 கிலோ. ஐ4 மொத்த எடை 3490 கிலோ, ஏற்றக்கூடியது 1860 கிலோ. இரண்டிலும் அதே 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 80 குதிரைத் திறன் எஞ்சின்தான்.

ஒரு சின்னக் கழித்தல் போடுங்கள். 2990-ல் 1405 போனால் 1585. 3490-ல் 1860 போனால் 1630. வெறும் வண்டியின் எடையில் வித்தியாசம் 45 கிலோ! ஏற்றும் எடையிலோ 455 கிலோ வித்தியாசம்.

அப்புறம் ஏன் 2990? ஏன் 3010 இல்லை? பதில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவில் இருக்கிறது. மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்கிறது அந்தப் பிரிவு. 3000-ஐத் தாண்டினால் பர்மிட் வேண்டும். 2990 என்ற எண் அந்தக் கோட்டுக்குப் பத்து கிலோ இந்தப் பக்கம் நிற்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசின் வணிக வாகன விதிகள் 10,001 பவுண்டில் தொடங்குகின்றன. அங்கே முக்கால் டன் பிக்கப்களைச் சரியாக 10,000 பவுண்டு (சுமார் 4536 கிலோ) என்று பதிவு செய்து விற்கிற வழக்கம் உண்டு. சட்டம் எங்கே கோடு போடுகிறதோ அங்கே வண்டியும் வந்து நிற்கும்.

எல்லை என்கிற இன்னொரு கோடு

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு இந்தக் கோடு அவ்வளவு உறுத்தாது. நமக்கு அப்படி இல்லை. டூப்ளே காலத்தில் (1742–1754) வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. கிராமம் கிராமமாகத் துண்டு துண்டாக வந்த நிலம், 1954-ல் இந்தியாவோடு இணைந்த பிறகும் அதே துண்டுகளாகவே இருக்கிறது. தவளக்குப்பத்திலிருந்து தெற்கே போனால் முள்ளோடை தாண்டியதும் கடலூர் மாவட்டம். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதைத் தாண்டித் திருபுவனை மறுபடியும் புதுச்சேரி, மதகடிப்பட்டு தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. ஒரே பயணத்தில் மூன்று முறை மாநிலம் மாறுகிறது.

ஒரு மாநிலத்தில் கொடுத்த பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அந்த மாநிலத்தின் மேலொப்பம் வேண்டும் என்பது சட்டத்தின் 88-வது பிரிவு. இல்லையென்றால் நேஷனல் பர்மிட். 2010-ல் வந்த புதிய முறையில் அதற்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று தொகுப்புக் கட்டணத்தைத் தொடங்கினார்கள். நாடு முழுக்க ஓடுகிற லாரிக்கு அது நியாயம். கடலூர் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டு போகிற வண்டிக்கும் அதே கணக்கு என்றால்? அதனால்தான் பாகூர்க்காரருக்கு 2990 என்ற எண், மதுரைக்காரரைவிட முக்கியம். (பர்மிட் மட்டும்தான் விலக்கு. எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எல்லாம் இரண்டுக்கும் உண்டு.)

லைசன்ஸ் குழப்பம் மட்டும் இப்போது தீர்ந்துவிட்டது. எல்.எம்.வி. லைசன்ஸ் வைத்திருப்பவர் 7500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ஆகவே இந்த விஷயத்தில் ஐ3, ஐ4 இரண்டும் ஒன்றுதான்.

சரி, எதை எடுப்பது?

75 கிலோ நெல் மூட்டையை வைத்துக் கணக்குப் போடுவோம். ஏஸில் 10 மூட்டை. ஐ3-ல் 18. ஐ4-ல் 24.

இப்போது ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐ3-ம் ஐ4-ம் பார்க்க அண்ணன் தம்பி. "பர்மிட் இல்லாத வண்டியை எடுத்து, பர்மிட் வண்டி லோடை ஏத்திக்கலாம்" என்ற ஆசை வருவது இயற்கை. ஐ3-ல் 24 மூட்டை ஏற்றினால் 395 கிலோ கூடுதல். 2019 செப்டம்பர் 1-க்கு முன்பு அதிக பாரத்துக்கு அபராதம் 2,000 ரூபாயில் தொடங்கியது. அதற்குப் பிறகு சட்டப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. அந்த ஆறு மூட்டைக்கு என்ன வாடகை கிடைக்கும், எத்தனை நடை ஓடினால் 20,000 ரூபாய் தேறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் எடைச் சீட்டைத்தான்.

என் முடிவு இதுதான். காய்கறி, பூ, மீன் பெட்டி, கடைச் சரக்கு என்று இடத்தை அடைக்கிற, எடை குறைந்த லோடு, அதுவும் அடிக்கடி எல்லை தாண்டுகிற லோடு என்றால் 3000-க்குக் கீழே நில்லுங்கள். தெருவுக்குள்ளேயே சுற்றுகிற, முக்கால் டன்னைத் தாண்டாத வேலைக்குக் குட்டி யானையே போதும். சிமெண்ட், கம்பி, செங்கல், நெல் என்று தினமும் ஒன்றரை டன் நிச்சயம் என்றால் தயங்காமல் பெரியதை எடுத்து, பர்மிட் செலவையும் வாடகையில் சேர்த்துக் கேளுங்கள். நடுவில் நின்றுகொண்டு சின்ன வண்டியில் பெரிய லோடு ஏற்றுவதுதான் மூன்றாவது வழி. அதில் தவணை கட்டி முடிப்பதற்குள் வண்டி முடிந்துவிடும்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால், கடந்த ஒரு மாதம் நீங்கள் ஏற்றிய லோடுகளை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எத்தனை கிலோ, எந்த ஊர், எத்தனை முறை எல்லை தாண்டினீர்கள் என்று. எந்த விளம்பரத்தைவிடவும் அந்த நோட்டு சரியான வண்டியைக் காட்டும். உங்கள் ஊர்ப் பக்கம் எந்த வண்டி அதிகம் ஓடுகிறது, ஏன் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள் நண்பர்களே.