43 சதம்

பெரட்டுக்குப் பிந்திப் போனால் அரைப்பேர்தான் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்த ஒரு 'பேர்' என்ன விலைக்குப் போனது என்று பாடசாலை நாட்களில் நாம் விசாரித்ததில்லை. பரீட்சைக்காக டொனமூர் யாப்பை மனனம் செய்தோம். செக்ரோல் நமக்குப் பாடமாக இருக்கவில்லை.

1927ஆம் ஆண்டு, இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது, நுவரெலியா, அட்டன் போன்ற உயர்நிலப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தேயிலையின் பெயரைக் காப்பாற்றியதே கொழுந்தெடுத்த பெண்களின் விரல்கள்தாம். ஆனாலும் 11 சதம் குறைவு. என்றாலும், இதற்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் ஒரு கோடு கீறியது பெரிய காரியமே.

அந்த மை காயுமுன் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. லண்டன் ஏலத்தில் தேயிலை விலை சரிந்தது. வேலைநாட்கள் குறைந்தன. வேலை இழந்தவர்களில் பலரை அரசாங்கம் தன் செலவில் தலைமன்னார் வழியே இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது. நிவாரணம் என்று அதற்குப் பெயர். இங்கேயே பிறந்த பிள்ளைக்கு அது எப்படிப்பட்ட நிவாரணமோ!

எஞ்சியவர்களுக்கு, சட்டம் கீறிய கோடே இறங்கியது. 1931 முதல் குறைந்தபட்சக் கூலி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அரிசி விலை இறங்கிவிட்டதே, கூலியையும் இறக்கினால் என்ன என்பது துரைமார் தரப்பு வாதம். கணக்கு சரிபோலத் தோன்றும். ஆனால் வீட்டுச் செலவு அரிசியோடு முடிவதில்லை; வேலைநாள் குறைந்தால் மலிந்த அரிசியையும் வாங்க முடியாது. எல்லோருக்கும் குறைந்தது, ஏற்கெனவே குறைவாக வாங்கியவளைக் கூடுதலாக வருத்தியது.

தோட்டக்காரருக்கு வேறொரு கை நீண்டது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சு கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தத்துக்குள் வந்தன. முதல் ஆண்டில் ஏற்றுமதியை 15 வீதம் குறைப்பது, புதிய நடுகையைக் கட்டுப்படுத்துவது என்று ஏற்பாடு. விலை மீண்டது, கம்பனிகள் தப்பின. தேயிலைக்குப் பாதுகாப்புக் கிடைத்த வேகம் கொழுந்தெடுத்தவளுக்குக் கிடைக்கவில்லை என்பது எமது எண்ணம்.

இதே காலத்தில்தான் சர்வசன வாக்குரிமையும் வந்தது. 1931இல் தகுதி பெற்ற தோட்டத்துப் பெண்களும் வாக்காளராயினர். அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார். அவர் காலத்திலேயே கூலி இறங்கியது. பொறுப்பை அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமல்ல; அதை மறைப்பதும் நியாயமல்ல. தோட்டத் தொழிலாளருக்கு 1931இல் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் கூலிக் குறைப்பை எதிர்த்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுக்கள் எழுதித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். கூட்டத்துக்கு வர அஞ்சியவளும் பாட்டைக் காதில் வாங்கியிருப்பாள். 1936இல் அட்டன் மக்கள் நடேசய்யரைத் தெரிவு செய்தனர். 1948க்குப் பிறகு குடியுரிமையோடு அந்த வாக்கும் பறிபோனது தனிக்கதை.

1939இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைத்தியராக வேலை செய்கையில் இந்த ஆண்டுகள் நமக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்க்கிறோம், வெளிறிக் கிடக்கிறது. "நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றால், பிள்ளைகள் சாப்பிட்டதைத்தான் அந்தத் தாய் சொல்கிறாள். வீட்டில் காசு சுருங்கும்போது முதலில் சுருங்குவது அவளுடைய கோப்பை.

2021இல் நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. மறு வருடமே ரூபா விழுந்தது, கோதுமை மாவின் விலை ஏறியது, அந்த ஆயிரம் கரைந்தது. 90 வருடத்துக்கு முன் கோடு இறக்கப்பட்டது. இம்முறை கோடு அப்படியே இருக்க, அதன் பெறுமதி இறங்கியது. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபா ஆகும்வரை சமாளித்த விதத்தை, இன்றும் லயத்தில் இருக்கும் நம் சித்திமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

கொழும்பிலோ லண்டனிலோ டொரொன்டோவிலோ, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பாட்டியின் பற்றுச்சீட்டோ பழைய சம்பளத் துண்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அடுத்த ஒன்றுகூடலுக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.