கெய்ரோவின் பழம்பள்ளிகளைக் காத்தது எது?

ஆயிரம் மினாராக்களின் நகரம் என்று கெய்ரோவுக்கு ஒரு பெயர் உண்டு. அதன் பழைய வீதிகளில் நடப்பவர், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி உஸ்மானியர் காலம் வரையிலான பள்ளிவாசல்களையும் மத்ரஸாக்களையும் ஒரே நாளில் கண்டுவிடலாம். இத்தனை கட்டடங்கள் இத்தனை நூற்றாண்டுகளைக் கடந்து நின்றது எவ்வாறு? கல்லின் உறுதி என்று விடை கூறுவது எளிது. ஆனால் கூரையில் ஒழுக்கு விழுந்து, அதை அடைக்க ஆளில்லையெனில், எந்தக் கல்லும் சில தலைமுறைகளுக்கு மேல் தாங்காது. கட்டியவர் மறைந்த பின்பும் பழுது பார்ப்பதற்கென ஆண்டுதோறும் பணம் வந்து சேர ஓர் ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் வக்ஃபு. கெய்ரோவின் கட்டடக் கலை வரலாறு பெரிதும் அந்த வக்ஃபுகளின் வரலாறே ஆகும்.

இன்றைய கெய்ரோ பல நகரங்கள் ஒன்று சேர்ந்து உருவானது. கி.பி. 641-642இல் அம்ர் இப்னு ஆஸ் (ரலி) அவர்கள் ஃபுஸ்தாத் நகரை நிறுவி, ஆப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலையும் அங்கே எழுப்பினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அஹ்மத் இப்னு தூலூன் அதன் அருகே அல்கத்தாயி என்னும் புதிய தலைநகரை அமைத்தார். 905இல் அப்பாசியர் படை அந்நகரை அழித்தபோது அரண்மனைகள் தரைமட்டமாயின. 879இல் கட்டி முடிக்கப்பட்ட பள்ளிவாசல் மட்டும் எஞ்சியது. 969இல் ஃபாத்திமியர் அல்காஹிரா என்னும் மதில் சூழ்ந்த நகரை எழுப்பினர். அதையடுத்து அல்அஸ்ஹர் உருவானது. 1176இல் சுல்தான் ஸலாஹுத்தீன் கோட்டைப் பணியைத் தொடங்கினார். பின்வந்த மம்லூக் சுல்தான்கள் பள்ளிவாசல், மத்ரஸா, மருத்துவமனை, அடக்கத்தலம் ஆகியவற்றை ஒரே வளாகமாகக் கட்டும் மரபைப் பெருக்கினர்.

இவ்வளாகங்களுக்கு உயிர் கொடுத்த வக்ஃபின் வேர் மதீனாவில் இருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிறுத்திவைத்து, அதன் விளைச்சலைத் தர்மமாக்குமாறு வழிகாட்டப்பட்டது. அதன்படி அந்நிலம் விற்கப்படாமலும் அன்பளிப்பாகக் கொடுக்கப்படாமலும் வாரிசுகளுக்குப் பிரிக்கப்படாமலும் ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் உரியதாயிற்று. கெய்ரோவில் பள்ளிவாசல் கட்டியவர்கள் இதே முறையில் கடைகள், சத்திரங்கள், குளியலறைகள், நைல் நதிக்கரை வயல்கள் ஆகியவற்றின் வருமானத்தை அதற்கு எழுதி வைத்தனர். இமாமின் ஊதியம், விளக்கு எண்ணெய், பாய், மாணவர் உணவு முதலிய செலவினங்கள் அந்த வக்ஃபு ஆவணங்களில் தனித்தனியே குறிக்கப்பட்டன.

சுல்தான் கலாவூன் 1284-85இல் எழுப்பிய வளாகம் இதற்கு நல்ல சான்று. அதன் மருத்துவமனை ஆண், பெண், செல்வர், வறியவர் என்ற பேதமின்றி அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வக்ஃபு ஆவணம் விதித்தது. அந்த இடத்தில் கண் மருத்துவமனை ஒன்று பிற்காலத்திலும் தொடர்ந்தது. வீதி மூலைகளில் நிற்கும் ‘ஸபீல் குத்தாப்’ கட்டடங்கள் இன்னொரு சான்று. கீழ்த்தளத்தில் வழிப்போக்கருக்குத் தண்ணீர். மேல்தளத்தில் சிறுவர்களுக்குக் குர்ஆன் பாடம். 1744இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டியது இவ்வகையில் புகழ்பெற்றது.

ஃபிக்ஹு அறிஞர்கள் இங்கே ஒரு நுட்பமான விதியை வகுத்தனர். வக்ஃபின் வருமானத்தில் முதல் உரிமை அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே. எழுதி வைத்தவர் அதைக் குறிப்பிட மறந்திருந்தாலும் பழுது பார்த்த பின்னரே மற்றவர்களுக்குப் பங்கு என்பது ஹனஃபி மத்ஹபின் தெளிவான நிலைப்பாடு. கட்டடம் விழுந்துவிட்டால் தர்மமும் நின்றுவிடும் என்பதே அதன் காரணம். இன்று பழங்கட்டடப் பாதுகாப்பு என்று நாம் பேசுவதை அன்று சட்டமாகவே ஆக்கியிருந்தனர்.

அந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் இருந்தன. பாழடைந்து பயனற்றுப்போன வக்ஃபுச் சொத்தை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் ‘இஸ்திப்தால்’ என்ற அனுமதியை அதிகாரம் படைத்தோர் தவறாகப் பயன்படுத்தினர். ஜமாலுத்தீன் யூசுஃப் என்னும் மம்லூக் அதிகாரி தமக்கு வேண்டிய வக்ஃபுக் கட்டடம் அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் ஆபத்தானது என்று இரு சாட்சிகளைச் சொல்லவைத்து, காழியின் தீர்ப்பைப் பெற்று, அதைக் கைப்பற்றிவந்ததை வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ பதிவு செய்துள்ளார். 1442இல் மறைந்த மக்ரீஸீ, கெய்ரோவின் ஒவ்வொரு வீதியையும் கட்டடத்தையும் அதைக் கட்டியவரையும் தம் ‘கிதத்’ நூலில் விவரித்தவர். எது எங்கே இருந்தது, யாருக்காக இருந்தது என்பதை எழுதி வைப்பதும் ஒரு பாதுகாப்புதான் என்பதற்கு அந்நூல் சாட்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அலி பாஷா பள்ளிவாசல்களுக்குரிய விளைநிலங்களை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். கட்டடங்கள் நின்றன, அவற்றைத் தாங்கிய வருமானம் அற்றுப்போனது. இப்னு தூலூன் பள்ளிவாசல் மருத்துவமனையாகவும் ஆதரவற்றோர் தங்கும் இடமாகவும் மாறிச் சிதைந்தது. 1881இல் கெதீவ் தவ்ஃபீக், வக்ஃபுத் துறையின் கீழ் அரபுக் கலைச் சின்னங்களைப் பாதுகாக்கும் குழு ஒன்றை அமைத்தார். ஹங்கேரியக் கட்டடக் கலைஞர் மாக்ஸ் ஹெர்ட்ஸ் 1914 வரை அதன் பணிகளை வழிநடத்தினார். அக்குழு பல கட்டடங்களை இடிபாட்டிலிருந்து மீட்டது. அவற்றைப் பட்டியலிட்டுப் படமும் எடுத்துவைத்தது. எனினும் பள்ளிவாசலைத் தொழுகையாளிகளின் இடமாகக் காணாமல் நினைவுச்சின்னமாகக் காணும் பார்வையும் அப்போதே வேரூன்றியது.

1952இல் குடும்ப வக்ஃபுகள் ஒழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அறக்கொடை வக்ஃபுகளின் நிர்வாகம் அமைச்சகத்திடம் சென்றது. கழிவுநீர் கசிந்து நிலத்தடி நீர் உயர, உப்பு நீரை உறிஞ்சிய சுவர்கள் பொரிந்து உதிர்ந்தன. 1979இல் யுனெஸ்கோ பழைய கெய்ரோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1992 அக்டோபர் 12இல் ஏற்பட்ட நிலநடுக்கம் 500க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததோடு, ஏராளமான பழங்கட்டடங்களையும் பிளந்தது.

அண்மைக்கால மீட்புப் பணிகளில் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1013இல் நிறைவுற்ற அல்ஹாகிம் பள்ளிவாசல் காலப்போக்கில் கிடங்காகவும் அருங்காட்சியகமாகவும் பயன்பட்டுப் பாழடைந்திருந்தது. இந்தியாவின் தாவூதி போரா சமூகத்தினர் அதை 1980இல் புதுப்பித்து முடித்தனர். அங்கே மீண்டும் பாங்கொலி எழுந்தது. ஆனால் பளபளக்கும் புதிய பளிங்கு பழமையை மறைத்துவிட்டதாகக் கட்டடப் பாதுகாப்பு அறிஞர்கள் வருந்தினர். மற்றொன்று தர்புல் அஹ்மர் பகுதி. அதன் அருகே நூற்றாண்டுகளாகக் குவிந்திருந்த இடிபாட்டுக் குப்பைமேட்டை ஆகா கான் அறக்கட்டளை சுமார் 30 ஹெக்டேர் பூங்காவாக மாற்றியது. 2005இல் திறக்கப்பட்ட அப்பூங்காவின் பணியின்போது ஸலாஹுத்தீன் காலத்தில் தொடங்கிய மதில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிப்பட்டது. பழைய பள்ளிவாசல்களோடு அங்கு வாழ்வோரின் வீடுகளும் பழுது பார்க்கப்பட்டன. அப்பகுதி இளைஞர்கள் கல்வேலையும் தச்சுவேலையும் பயின்றனர். கட்டடத்தையும் அதைப் பயன்படுத்தும் மக்களையும் பிரிக்காமல் காக்கும் வழி இதுவே. வக்ஃபின் பழைய நோக்கமும் இதுவேயாம்.

ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2020 முதல் புதிய சாலைகளுக்காகக் கெய்ரோவின் பழைய அடக்கத்தலங்களின் பல பகுதிகள் இடிக்கப்பட்டு வருகின்றன. கட்டடக் கலைஞர்களும் அடக்கப்பட்டோரின் குடும்பத்தாரும் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர். நகரம் வளர வழி வேண்டும் என்பது உண்மை. ஆனால் பொதுநலன் என்ற சொல்லைக் கொண்டு அமானிதத்தை அகற்றும் வழக்கம் ஜமாலுத்தீன் யூசுஃபின் காலத்திலேயே இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வக்ஃபு என்னும் அமானிதம் கெய்ரோவுக்கு மட்டும் உரியதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்தூண்கள் தாங்கி நிற்கும் பழைய பள்ளிவாசல்கள் நம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதங்கள். இடம் போதவில்லை என்று ஒரு ஜமாஅத் கருதும்போது, இடிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. பழைய கட்டடத்தை நிறுத்திவைத்துப் பக்கத்தில் விரிவாக்க இயலாதா? வக்ஃபு ஆவணம் எங்கே இருக்கிறது? தூண், கல்வெட்டு, ஹவுள் ஆகியவை அளந்து படமெடுத்து வைக்கப்பட்டுள்ளனவா? சுண்ணாம்புச் சுவருக்கு ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும் சிமெண்டுப் பூச்சைப் பூசலாமா? ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதி பழுது பார்ப்பதற்கென ஒதுக்கப்படுகிறதா?

பள்ளிவாசலைக் கட்டுவது ஸதகத்துல் ஜாரியா என்பதை அறிந்து, நம்மவர்கள் அதற்கு வாரி வழங்குகின்றனர். முன்னோர் கட்டியதன் கூரை ஒழுக்கை அடைப்பதும் அதே நன்மையின் தொடர்ச்சியே. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.