முறுக்கிய சொல் எறிந்த கதை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் கல் எறிந்தவர் ‘த்ரோ’ செய்யவில்லை. பழைய ஆங்கிலத்தில் எறிதலைச் சொன்ன வினை ‘வெயொர்பன்’. இன்றைய ‘த்ரோ’வின் மூதாதை ‘த்ராவன்’. அதற்கு முறுக்குதல், திருப்புதல் என்று பொருள். ஜெர்மன் மொழி இந்தப் பழைய பங்கீட்டைக் கலைக்கவில்லை. அங்கே எறிவது இன்றும் ‘வெர்ஃபன்’, திருப்புவது ‘ட்ரேயன்’. ஆங்கிலத்திலோ இரண்டும் ஏறக்குறைய இடம் மாறிவிட்டன. வெயொர்பன் ‘வோர்ப்’ எனத் தேய்ந்து, ஈரம் பட்ட பலகை நெளிந்துபோவதைச் சொல்கிறது. முறுக்கிய சொல் எறியப் போய்விட்டது; கவண்கல்லைச் சுழற்றித்தானே வீச வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம்.

இந்த இடமாற்றத்தின் நடுவே வெளியூர்ச் சொல் ஒன்றும் புகுந்தது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்காண்டிநேவியர் குடியேறினார்கள். அவர்கள் பேச்சில் எறிவது ‘கஸ்தா’. 13ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளில் அது ‘காஸ்ட்’ ஆகி, வெயொர்பனை ஓரங்கட்டியது. பிறகு அதற்கும் அதே கதி. 1611இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் பாவியின் மேல் கல் ‘காஸ்ட்’ செய்யப்படுகிறது. இன்றைய தெருச்சண்டையில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை, அங்கே த்ரோதான்.

பேச்சிலிருந்து விலகிய பொருள்கள் பட்டறைகளில் தங்கிவிட்டன. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு ஆங்கிலப் பெயர் வோர்ப். அதன் குறுக்கேதான் ஊடை எறியப்படுகிறது. வட்டார வழக்கில் அகழெலிக்கு ‘மோல்டுவோர்ப்’ என்று ஒரு பெயர் உண்டு, மண்ணை எறிவது என்று பொருள். ஆங்கிலேயக் குயவர் சக்கரத்தில் பானை வனைவதை த்ரோ என்கிறார். அவர் எதையும் வீசுவதில்லை, பழைய பொருளில் களிமண்ணைச் சுழற்றுகிறார். பட்டிழைக்கு முறுக்கேற்றுபவர் ‘த்ரோஸ்டர்’. டெர்பி நகரில் டெர்வென்ட் ஆற்றுநீரால் ஓடிய லோம் சகோதரர்களின் ஆலை 1721 வாக்கில் கட்டி முடிந்தது. இத்தாலியின் பியட்மான்ட் பகுதிப் பொறிகளைப் பார்த்து அமைத்த ஆலை அது. அங்கே நடந்ததும் பட்டு ‘த்ரோயிங்’, அதாவது முறுக்கேற்றல். நூலுக்கான ‘த்ரெட்’டும் இதே வேரில் பிறந்ததுதான்.

காஸ்டுக்குக் கிடைத்தவை உலோக வார்ப்பும் தூண்டிலும், கூடவே கொஞ்சம் கம்பீரமான வேலைகளும். மந்திரம், நிழல், சந்தேகம், வாக்கு எல்லாம் அதன் வசம். (தமிழிலும் ஓட்டைப் போடத்தான் செய்கிறோம்.) ‘பிராட்காஸ்ட்’ 18ஆம் நூற்றாண்டில் விதையைக் கையால் அள்ளி வயலெங்கும் இறைப்பதைக் குறித்தது. 1920களில் வானொலி அதை எடுத்துக்கொண்டது. 1922இல் தொடங்கிய பிபிசியின் பெயரில் நடு எழுத்து அதற்குரியது. தமிழின் ‘ஒலிபரப்பு’ விதையை விட்டுவிட்டுப் பரப்புவதை மட்டும் வைத்துக்கொண்டது. த்ரோவுக்கு அந்தக் கம்பீரம் இல்லை. விருந்து வைப்பதற்கும் அதே சொல், காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தோற்பதற்கும் அதே சொல்.

லத்தீன், கிரேக்கம் வழி வந்தவற்றில் எறிதல் கண்ணுக்கே தெரியாது. ‘ரிஜெக்ட்’ என்பது திருப்பி எறிவது. ‘ப்ராப்ளம்’ முன்னால் எறியப்பட்ட ஒன்று.

கிரிக்கெட்டில் த்ரோ குற்றமாகவே ஆனது. ‘பவுல்’ என்ற வினை பந்தை உருட்டுவதிலிருந்து வந்தது. தொடக்ககாலப் பந்துவீச்சாளர்கள் இடுப்புக்குக் கீழிருந்துதான் பந்தை விட்டார்கள். தோளுக்கு மேல் கையைச் சுழற்றி வீச 1864இல்தான் விதி இடம் கொடுத்தது. அப்போதும் பெயர் மாறவில்லை, முழங்கையை மடக்கி நீட்டி வீசினால் மட்டும் அது பவுல் அல்ல, த்ரோ. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டாரல் ஹேர், கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரனுக்கு இதற்காக ஏழு முறை நோபால் கொடுத்தார். 2005 முதல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் முழங்கை 15 டிகிரி வரை நீளலாம். அதற்கு மேல் போனால்தான் த்ரோ.