மூணாவது சுடர்: குளிர் நாட்டுக் கண்ணாடி முத்தியால்பேட்டைக்கு வந்த கதை

இன்னைக்குக் கதை எங்க வீட்டு ஜன்னல்ல இருந்து ஆரம்பிக்குது. முத்தியால்பேட்டை மணிக்கூண்டுல இருந்து நடந்து போற தூரத்துல வீடு. மாடியில மேற்குப் பார்த்த ஒரு ரூம். அம்மாவோட தையல் மெஷின் அங்கதான் இருக்கு. மத்தியானம் மூணு மணிக்கு மேல அந்த ரூம்ல உட்கார முடியாது. ஏ.சி. ஓடினாலும் ஜன்னல் பக்கத்து கை சுடும். போனஸ் வந்த கையோட, மூணு பலகைக்கும் லோ-ஈ கோட்டிங் வச்ச டபுள் கிளேஸிங் போட்டேன்.

ஏப்ரல் வந்தது. "வண்டிச் சத்தம் குறைஞ்சிருக்குடா. சூடு அப்படியேதான் இருக்கு. அந்த வலது பக்கக் கண்ணாடி மட்டும் கொஞ்சம் தேவலை"ன்னாங்க அம்மா. நான் சிரிச்சேன். மூணும் ஒரே ஆர்டர், ஒரே பில், எப்படி மாறும்? ஆபீஸ்ல ஒரு யூசர் இப்படிச் சொல்லியிருந்தா உடனே டிக்கெட் போட்டிருப்பேன். அம்மா சொன்னதால ஒரு மாசம் கண்டுக்கலை. அந்த ஒரு மாசம் வெட்டியாப் போனதுக்குப் பரிகாரமா இந்த எபிசோடை வச்சுக்கங்க.

முதல்ல இந்தக் கண்ணாடி எங்க பிறந்ததுன்னு பார்ப்போம். இரண்டு கண்ணாடிகளை விளிம்பில் அடைத்து, நடுவில் காற்றைச் சிறை வைக்கும் யோசனைக்கு 1865-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் தாமஸ் ஸ்டெட்சன். அசையாத காற்று வெப்பத்தைச் சுலபமா கடத்தாது, அவ்வளவுதான் தத்துவம். 1930-களில் சி. டி. ஹேவன் இதைத் தொழிற்சாலையில் செய்யக்கூடிய பொருளாக மாற்றினார். லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு கம்பெனி 'தெர்மோபேன்' என்ற பெயரில் விற்றது. பனி பெய்கிற ஊர்களுக்கான பொருள் அது. வீட்டுக்குள்ள எரியுற ஹீட்டரோட சூடு வெளியே ஓடிடக் கூடாது, அதுதான் அவங்க கவலை.

1973 எண்ணெய் நெருக்கடி இந்தக் கவலையை அரசாங்கக் கவலையாக்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் லோ-ஈ கோட்டிங் கடைக்கு வந்தது. கண்ணாடி மேல் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிய உலோகப் படலம்; இன்றைய நல்ல ரகங்களில் அது பெரும்பாலும் வெள்ளி. ஆமாங்க, நிஜ வெள்ளிதான்! வெளிச்சத்தை விட்டுட்டு வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும்.

இங்கதான் விஷயமே இருக்கு. இரண்டு கண்ணாடின்னா நாலு முகம். வெளியில இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணுவாங்க. குளிர் நாட்டு வீட்டில் கோட்டிங் பெரும்பாலும் மூணாவது முகத்தில், அதாவது உள்கண்ணாடியின் இடைவெளிப் பக்கம் இருக்கும். உள்கண்ணாடி வெயிலில் சூடாகி அந்தச் சூட்டை ரூமுக்குக் கொடுத்தால் அவங்களுக்கு லாபம். நமக்கு அது அடுப்பு. நம்ம ஊருக்குக் கோட்டிங் ரெண்டாவது முகத்தில் இருக்கணும், வெயிலை வெளிக்கண்ணாடியிலேயே நிறுத்தணும். இதுல பொல்லாத்தனம் என்னன்னா, கண்ணாடியைத் திருப்பி மாட்டினாலும் யு-வேல்யூ அப்படியேதான் இருக்கும். மாறுவது வெயில் சூடு உள்ளே வரும் விகிதம், எஸ்.ஹெச்.ஜி.சி. பில்லுல எல்லாம் சரியா இருக்கும், ரூம் மட்டும் வேகும்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுக் கேள்வியும் இல்லை. முத்தியால்பேட்டையில இருந்து தெற்கே சைக்கிள்ல போற தூரத்துல, துப்புயி வீதியில கோல்கொண்டே இருக்கு. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக நிதி வந்ததால் அந்தப் பெயர். டோக்கியோவில் வேலை செய்துகொண்டிருந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்சுவா சாமரும் களத்தில் நின்றார்கள். 1930-களின் பிற்பாதியில் தொடங்கி, உலகப் போருக்கு நடுவே இழுத்து, 1940-களில் முடிந்த வேலை. பித்தளைப் பொருத்துகளுக்கு, ஆசிரமத்துக்கு வந்த பித்தளைப் பாத்திரங்களையே உருக்கினார்கள்.

அங்கே வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட சுவர்களில் கண்ணாடியே கிடையாது. திருப்பி வைக்கக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பட்டைகள்தான், தரை முதல் கூரை வரை. கூரையைப் பாருங்க, அதுவும் 'டபுள்'தான். கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் இடைவெளி. ஆனா அந்த இடைவெளியில் காற்று ஓடும். மேல் ஓடு வெயிலை வாங்கும், ஓடுற காற்று சூட்டைத் தூக்கிட்டுப் போயிடும். ஸ்டெட்சன் காற்றை அடைத்தார், ரேமண்ட் ஓட விட்டார். ரெண்டும் அந்தந்த ஊருக்குச் சரி. வெயிலை வெளியிலேயே மறிச்சிடணும்ங்கிறது மட்டும் இந்த ஊரோட பழைய பாடம். பிரெஞ்சுக்காரங்க வீட்டு மரச் சட்டர்லயும் அதையே பார்க்கலாம். உண்மையைச் சொன்னா, நான் முதல்ல வாங்கியிருக்க வேண்டியது ஜன்னலுக்கு வெளியில தொங்குற ஒரு மூங்கில் தட்டி. செலவு நூத்துல ஒரு பங்குகூட வந்திருக்காது.

2007-ல் வந்த இந்தியாவின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதியும், வீடுகளுக்காக 2018-ல் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதாவும் இந்த வெயில் கணக்கைத்தான் கேட்கின்றன. ஆனா கணக்கு பேப்பர்ல. மாட்டினவர் எப்படி மாட்டினார்னு பார்க்கிறது நம்ம வேலை.

அதுக்கு வேண்டியது ஒரு லைட்டர். ராத்திரி லைட்டை அணைச்சிட்டு, உள்ளே நின்னு கண்ணாடிக்கிட்ட சுடரைப் பிடிங்க. சாய்வா பார்த்தா நாலு சுடர் தெரியும். ரெண்டு மட்டும் தெரிஞ்சா அது சிங்கிள் கண்ணாடி, காசு போச்சு. நாலுல ஒண்ணு மட்டும் நிறம் மாறி இருக்கும், அதுதான் கோட்டிங். உங்ககிட்ட இருந்து மூணாவது சுடர் நிறம் மாறினா சரி. ரெண்டாவது மாறினா திருப்பி மாட்டியிருக்காங்க. இன்னொண்ணு: நம்ம கடலோர ஈரத்துக்கு, ஏ.சி. ஓடும்போது வெளிமுகத்தில் பனி பிடிச்சா பயப்படாதீங்க. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பனி தெரிஞ்சா சீல் போச்சுன்னு அர்த்தம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல விரல் வச்சுப் பாருங்க, காத்து வரக் கூடாது. கீழ்ச்சட்டத்துல தண்ணி வடியற ஓட்டையை சிலிகான் பூசி அடைச்சிருக்காங்களான்னும் பாருங்க.

எங்க வீட்டுல? இடது, நடு ரெண்டுலயும் ரெண்டாவது சுடர். வலதுல மூணாவது. அம்மா கை சொன்னது அப்படியே சரி.

மாட்டின அண்ணனைக் கூப்பிட்டேன். சண்டை போடத் தயாராத்தான் இருந்தேன். "லோடு இறக்கும்போதே 'வெளிப்பக்கம்' ஸ்டிக்கர் ரெண்டுல உரிஞ்சு போயிருந்துச்சு தம்பி. ரெண்டு பக்கமும் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்"னாரு. லைட்டரைக் கையில கொடுத்தேன். மூணு பலகையையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு, ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் பீடிங்கைக் கழற்றி, ரெண்டு கண்ணாடியையும் அவரே திருப்பிப் போட்டாரு, காசு வாங்கலை. கிளம்பும்போது கேட்டாரு: "போன மாசம் இன்னொரு வீட்டுல பன்னிரண்டு பலகை மாட்டியிருக்கேன். இந்த லைட்டரை எடுத்துட்டுப் போகவா?"