தாத்தா எந்த வயது வரை வளர்ந்தார்?

"இருபதுக்கு மேலயும் வளர்ந்தேன்" என்று உங்கள் வீட்டுத் தாத்தா சொன்னால் சிரித்துவிடாதீர்கள். உண்மையாகவே இருக்கலாம்.

பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே, பிரஸ்ஸல்ஸ் நகர ஆண்கள் 900 பேரின் உயரக் கணக்கை 1835-இல் தம் நூலில் வெளியிட்டார். 19 வயதினரைவிட 25 வயதினர் சராசரியில் உயரம். 30 வயதினர் இன்னும் கொஞ்சம் உயரம். (அளந்தது வெவ்வேறு ஆட்களை, அந்தக் குறை உண்டு.) அரைவயிற்றுச் சாப்பாடு, அடிக்கடி நோய் என்றால் உடம்பு வளர்ச்சியைத் தள்ளிப்போடும், பிறகு மெதுவாக ஈடுகட்டப் பார்க்கும்.

சாப்பாடும் சுகாதாரமும் மேம்பட்ட இடங்களில் இன்று பையன்கள் பெரும்பாலும் 18 வயதுக்குள் வளர்ந்து முடிக்கிறார்கள். பெண்கள் அதற்கும் முன்பே. நம் லிஃப்டில் அம்மா உயரத்துக்கு நிற்கும் ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் "என்னம்மா சாப்பிடறே?" என்று கேட்காதீர்கள். அவள் வேகமாக வளரும் வயதே அதுதான்.