திரையில் தோன்றும் பிரித்தானிய முடியும் பாராளுமன்றமும்

ஒரு நாட்டின் அரசியலை நூல்வழி கற்று அறிந்தோர் எக்காலத்துஞ் சிலரே. ஏனையோர் அதனைக் கண்ணாற் கண்டே அறிகின்றனர். முன்னாளில் அக்காட்சியை நாடகமேடை அளித்தது. பின்னர்த் திரைப்படமும் தொலைக்காட்சியும் அளிக்கலாயின. இங்கிலாந்து மண்ணை ஒருநாளேனும் மிதியாதவரும் பத்தாம் இலக்க டவுனிங் வீதியின் கறுப்புக் கதவைப் படத்திற் கண்டதும் அடையாளங் கூறுவர். இவ்வாறு அவர்கள் அறிந்தது வரலாறா, கற்பனையா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வோல்டர் பஜட் என்னும் அறிஞர் 1867ஆம் ஆண்டில் ஆங்கில அரசியலமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவ்வமைப்பை அவர் இரு கூறுகளாகப் பிரித்தார். மக்களின் மதிப்பையும் பணிவையும் ஈட்டித் தருவது முதற்கூறு. முடியும் சடங்கும் அதன்பாற்படும். ஆட்சிக் கருமங்களை உண்மையாக நடத்துவது இரண்டாங் கூறு. மந்திரிசபையும் பொதுமக்கள் சபையும் அதன்பாற்படும். முடியைச் சூழ்ந்துள்ள மறைபொருள் கலையாதிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. திரையோ யாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொணர்வது. இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே நாம் இங்கு நோக்கும் வரலாறு.

பிரித்தானியாவில் நாடகங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் 1968 வரை அரண்மனை அதிகாரியாகிய சேம்பர்லேன் பிரபுவின் கையிலேயே இருந்தது. விக்டோரியா மகாராணியை மேடையிற் பாத்திரமாக்க 1937 வரை அவர் இடந்தரவில்லை. லோரன்ஸ் ஹவுஸ்மன் அம்மகாராணியைப் பற்றி எழுதிய நாடகம் 1935இல் நியூயோர்க்கில் வெற்றியோடு நடந்தது. இலண்டனின் பொது அரங்குகளிலோ அதற்கு இடமில்லை. மகாராணி அரியணையேறிய நூற்றாண்டாகிய 1937இலே தடை நீங்கியது. அவ்வாண்டே ஹேர்பட் வில்கொக்ஸ் இயக்கத்தில் ஆனா நீகிள் மகாராணியாக நடித்த திரைப்படம் வெளிவந்தது. பழைய மன்னர்களுக்கு இத்தகைய காப்பு இருக்கவில்லை. 1933இல் அலெக்சாண்டர் கோர்டா எடுத்த படத்தில், எட்டாம் ஹென்றியாக வந்த சாள்ஸ் லோட்டன் கோழியைக் கையாற் பிய்த்துத் தின்று எலும்பை எறிந்தார். அந்நடிப்புக்கு ஒஸ்கார் பரிசுங் கிடைத்தது. திருச்சபையை உரோமாபுரியிலிருந்து பிரித்த அரசனை மக்கள் மனம் இன்றும் அவ்விருந்து மேசையிலேயே காண்கிறது.

1953ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி நடந்த முடிசூட்டு விழா ஒரு திருப்பமாகும். அதனைத் தொலைக்காட்சியிற் காட்டுவதற்குத் தொடக்கத்தில் மந்திரிசபையே இணங்கவில்லை. பொதுமக்களின் கிளர்ச்சியால் முடிவு மாறியது. பிரித்தானியாவில் மட்டும் ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் அவ்விழாவைக் கண்டனர். எனினும், அரசிக்குத் திருத்தைலம் பூசும் வேளையிற் கமரா வேறுபக்கந் திரும்பிக்கொண்டது. எழுபது ஆண்டுகளின் பின், 2023 மே 6ஆந் திகதி மூன்றாம் சாள்ஸ் மன்னர் முடிசூடியபோதும் அச்சடங்கு மறைப்புக்குப் பின்னாலேயே நிகழ்ந்தது. பஜட் கூறிய மறைபொருள் இன்னும் அவ்விடத்தில் எஞ்சியிருக்கிறது.

பாராளுமன்றம் வெளிச்சத்துக்கு வர மேலும் தயங்கியது. கமராவை அனுமதிக்கும் பிரேரணை 1966இல் பொதுமக்கள் சபையில் ஒரேயொரு வாக்கினால் தோற்றது. பிரபுக்கள் சபை 1985இல் வழிவிட்டது. பொதுமக்கள் சபையிற் கமரா இயங்கத் தொடங்கியது 1989 நவம்பரிலேயே.

உண்மைச் சபை மறைந்திருந்த அக்காலத்திற் கற்பனை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1980இல் தொடங்கிய 'யெஸ் மினிஸ்டர்' என்னும் தொடரில், ஜிம் ஹக்கர் என்னும் மந்திரியைச் சேர் ஹம்ஃப்ரி என்னும் நிரந்தரச் செயலாளர் பணிவான சொற்களாலேயே கட்டி ஆள்கிறார். முன்னாள் மந்திரி ரிச்சட் குரொஸ்மனின் நாட்குறிப்புகள் அத்தொடருக்குத் தூண்டுதலாயின. பிரதமர் மார்கரட் தச்சர் அதனை விரும்பிப் பார்த்தார். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உத்தியோகத்தர் யாவருஞ் சூழ்ச்சிக்காரர், மந்திரிமார் யாவரும் பொம்மைகள் என்ற எண்ணத்தையும் அந்நகைச்சுவை ஊன்றிவிட்டது. அத்தொடரை எழுதிய இருவருள் ஒருவரான அன்ரனி ஜேயே, அரச குடும்பத்தின் அன்றாட வாழ்வை 1969இல் முதன்முதலாகக் காட்டிய விவரணப்படத்துக்கும் உரை எழுதியவர். முடிக்கு இனிய முகத்தையும் நிருவாகத்துக்கு நகைப்புக்குரிய முகத்தையும் ஒரே பேனா வழங்கியது.

அண்மைக்காலப் படங்களோ வரலாற்றையே கதையாக்குகின்றன. 2010இல் வெளிவந்த 'த கிங்ஸ் ஸ்பீச்' ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் திக்குவாயைப் பற்றியது. லயனல் லோக் என்பார் அவருக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கியது 1926இல். படமோ அதனை 1930களுக்குத் தள்ளிவைத்தது. முடிதுறப்பு நெருக்கடியில் எட்டாம் எட்வேட் மன்னருக்காக வாதாடிய சேர்ச்சிலை, அவர் தம்பியின் பக்கத்தில் நிறுத்தியது.

இதனினுந் தெளிவான சான்று, 2016 முதல் 2023 வரை வெளிவந்த 'த கிரவுன்' தொடரில் உண்டு. 1952 டிசம்பரில் இலண்டனை நச்சுப்புகை மூடியது. அக்காலக் கணக்கின்படியே ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர். தொடரில் இந்நிகழ்ச்சி சேர்ச்சிலின் பதவிக்கு ஆபத்தாகிறது. இளம் அரசி அவரை விலகச் சொல்வதா என்று கலங்குகிறார். சேர்ச்சிலின் இளஞ் செயலாளர் ஒருத்தி உயிரிழக்க, அவர் மனம் உருகுகிறார். அத்தகைய அரசியல் நெருக்கடி அன்று ஏற்படவில்லை. அப்பெண்ணும் கற்பனைப் பாத்திரமே. உண்மையில் நிகழ்ந்தது யாது? 1953இல் சேர் ஹியூ பீவர் தலைமையில் ஒரு குழு அமைந்து ஆராய்ந்தது. பின்வரிசை உறுப்பினர் ஜெரால்ட் நபாரோ தனியார் மசோதா ஒன்றைக் கொணர்ந்து அரசாங்கத்தை நெருக்கினார். ஈற்றில் 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. குழுவறையும் மசோதாவும் வாக்கெடுப்புமே இலண்டன் மக்களின் மூச்சைக் காத்தன. திரைக்கோ அரண்மனைக் கண்ணீரே போதுமானதாயிற்று.

கலைஞனுக்குக் கற்பனை உரிமை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. பல ஆண்டுகள் நடந்ததை இரண்டு மணி நேரத்துள் அடக்குவோன் சிலவற்றைக் குறைத்தும் கூட்டியுமே ஆகவேண்டும். ஆனால் திரை ஒரே பக்கமாகச் சாய்கிறது. முடியின் பெருமை படத்துக்கு எளிதில் அகப்படுகிறது. சட்டம் உருவாகும் மெதுவான உழைப்பு அகப்படுவதில்லை. மந்திரிமாரின் ஆலோசனைப்படி நடக்கக் கடமைப்பட்ட அரசர், திரையில் தாமே நாட்டை நடத்துபவர்போலத் தோன்றுகிறார்.

இது நமக்கும் புறம்பான செய்தியன்று. இலங்கை 1972 வரை அம்முடியின்கீழ் இருந்தது. 1954 ஏப்ரலில் எலிசபெத் அரசி முடிசூட்டு நாளில் அணிந்த ஆடையுடனேயே நம் பாராளுமன்றத்தைத் தொடக்கி வைத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கங்கள் பலவற்றை நம் சபையுங் கைக்கொண்டது. ஆட்சி என்பது பெரியோர் சிலரின் தனியறை நாடகம் என்று திரை வழி நம்பத் தொடங்கும் குடிமகன், தன் பிரதிநிதி எந்த மசோதாவுக்கு எவ்வாறு வாக்களித்தார் என்று கேட்க மறந்துவிடுவான். ஆகவே, நேயர்களே, அப்படங்களைக் கண்டு மகிழுங்கள். கண்டபின், அவ்வாண்டில் நிறைவேறிய சட்டம் யாது, அதற்காகச் சபையில் எழுந்து பேசியவர் யார் என்று ஒரு வரலாற்று நூலையும் புரட்டிப் பாருங்கள்.